பெரிய கொட்டையெல்லாம் நல்ல விதையா?

முந்திரி வியாபாரத்தில் பருமனுக்குத்தான் மதிப்பு. ராத்தலுக்கு 180 பருப்புக்கு மேல் போகாதது ‘டபிள்யூ 180’. 300 முதல் 320 வரை நிற்பது ‘டபிள்யூ 320’. முன்னதற்கு விலை கூடுதல். கொட்டையாக வாங்கும்போதும் கிலோவுக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தே பேரம் பேசுகிறோம். இதே பழக்கத்தில், விதைக்கென்று கேட்டு வரும் விவசாயிக்கும் பெரிய கொட்டையாகப் பொறுக்கிக் கொடுத்துக் கூடுதல் விலை சொல்வது நம்மில் சிலருக்கு வழக்கமாகி வருகிறது. இது சரியல்ல.

கொட்டைக்குள் இருக்கும் இரண்டு பருப்புகளே இளங்கன்றுக்கு முதல் ஆகாரம். ஆகாரம் நிறைய இருந்தால் கன்று திடமாக எழும்பும். அந்த அளவில் பருமனுக்கு நியாயம் உண்டு. ஆனால் பருமன் வேறு, கனம் வேறு. ஓடு பெருத்து உள்ளே பருப்பு சுருங்கிய கொட்டை பார்வைக்குத்தான் பெரிது; தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிகப் பெரிய கொட்டை முளைக்கவும் தாமதமாகும். 5 முதல் 8 கிராம் வரை எடையுள்ள, நீரில் அமிழும் நடுத்தரக் கொட்டையே விதைக்கு ஏற்றது. நம் கணக்கில் சொன்னால் கிலோவுக்கு 125 முதல் 200 வரை.

முந்திரி அயல் மகரந்தத்தால் காய்ப்பது. ஆகவே பெரிய கொட்டை போட்டால் பெரிய கொட்டையே காய்க்கும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. தோப்பு வைப்போருக்கு ஒட்டுக்கன்றே உகந்தது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991-ல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்கள் இருக்கின்றன. அதை நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒட்டுக் கட்டுவதற்கான வேர்ச்செடி கொட்டையிலிருந்துதான் வருகிறது என்பதால், நல்ல விதைக்கொட்டைக்கு நாற்றங்கால்களில் என்றும் தேவை உண்டு. நம் வியாபாரம் கெட்டுப்போகாது.

மிதப்பதைக் கழித்தால் நஷ்டம் யாருக்கு என்று கேட்கலாம். தரம் பிரித்த விதைக்கு நியாயமாக நாலு காசு கூட்டி வாங்கலாமே! அந்தப் பருவத்தில் பொறுக்கி இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்த கொட்டையாக இருக்கட்டும். ஒரு நூறு கொட்டையை விவசாயி கண்ணெதிரே தண்ணீரில் போட்டுக் காட்டுவோம். விதைக்குமுன் அவர் சோதிக்கும்போது மிதப்பதைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். கப்பலில் வந்து கிடங்கில் கிடந்த ஆப்பிரிக்கக் கொட்டையை விதைக்கென்று கொடுக்கவே வேண்டாம். அது உடைப்புக்கு வந்த சரக்கு.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்துத் தோப்புகளைச் சாய்த்தது. வளர்ந்த மரம் போனால் மறுபடி பலன் காண எத்தனை வருடம் ஆகும் என்பதை அன்று கண்டோம். கொட்டை முளைக்காவிட்டால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். மரம் சரியாகக் காய்க்கவில்லை என்பது தெரிய நாலைந்து வருடம் ஆகும். அதற்குள் ரசீது தொலைந்திருக்கும். கடையின் பெயர் மட்டும் விவசாயிக்கு மறக்காது. வணிக அன்பர்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.