நூறு எம்பிபிஎஸ் வேணாம் சார், க்யூவைக் கவனிங்க

தம்பி கல்யாண வீடியோவை யூடியூப்ல ஏத்த ஆரம்பிச்சா போதும், எங்க செவ்வாப்பேட்டை வீட்டுல என் ஆன்லைன் கிளாஸ் அம்பேல். என் குரல் ரோபோ மாதிரி கேக்குதாம். பிங் அடிச்சா பதில் வர ஒன்றரை செகண்ட். நெட்காரங்களுக்கு போன் போட்டா ஒரே பதில்: "பெரிய பிளானுக்கு மாறுங்க சார், சரியாயிடும்." சுத்தப் பேத்தல்!

பி.காம் பையனுக்கு நெட்வொர்க் பத்தி என்ன தெரியும்னு கேக்கறீங்களா? கணக்கு தெரியும். ரவுட்டருக்குள்ள 1 மெகாபைட் பஃபர், அப்லோடு 5 எம்பிபிஎஸ்னு வச்சுக்கோங்க. பஃபர் ரொம்பிட்டா கடைசியா வந்த பாக்கெட் வெளிய போக 1.6 செகண்ட். தம்பி வீடியோவுக்குப் பின்னாடி என் குரல் க்யூல நிக்குது. அவ்ளோதான் மேட்டர்.

1986 அக்டோபர்ல லாரன்ஸ் பெர்க்லி லேபுக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல, வெறும் 400 கஜ தூரத்துல, விநாடிக்கு 32 கிலோபிட் போன இடத்துல 40 பிட்தான் போச்சு. வான் ஜேக்கப்சன் லைனைப் பெருசாக்கவா சொன்னார்? பாக்கெட் தொலைஞ்சா நெரிசல்னு அர்த்தம், அனுப்பறவனே வேகத்தைக் குறைச்சுக்கணும்னு டிசிபியை மாத்தினார். 1988-ல கட்டுரையும் எழுதினார். அதே வருஷம் கே.கே.ராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும், தொலையற வரைக்கும் ஏன் காத்திருக்கணும், க்யூ வளரும்போதே ஒரு பிட்டுல சேதி சொல்லிடலாமேன்னாங்க.

நம்ம ரவுட்டர்கள் பல பண்றது நேர் எதிர். மெமரி மலிவாச்சு, பஃபர் பெருத்துப் போச்சு. எதுவும் தொலையாததால அனுப்பறவன் ரோடு காலின்னு நினைச்சு இன்னும் தள்றான். இதுக்கு 2012-லயே கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் கோடெல்னு ஒண்ணு குடுத்தாங்க. க்யூல காத்திருக்கற நேரம் 100 மில்லிசெகண்டா 5-க்குக் கீழ இறங்கவே இல்லையா, ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போடு. அனுப்பறவன் அடங்கிடுவான். அதே வருஷம் லினக்ஸ் 3.5-ல சேர்ந்தாச்சு. காசே கிடையாது!

அப்புறம் ஏன் எல்லார் வீட்டுக்கும் வரல? இங்கதான் காமர்ஸ். விளம்பரத்துல எம்பிபிஎஸ் கொட்டை எழுத்துல இருக்கு, லைன் ரொம்பும்போது வர்ற தாமதம் இல்ல. போடாத நம்பருக்கு எவன் போட்டி போடுவான்? அதையும் அதே சைஸ் எழுத்துல போடணும்னு டிராய் கட்டாயமாக்கணும். (சாயங்காலம் செல்போன் டவர்ல வர்ற கூட்டம் வேற கதை. அங்க நிஜமாவே இடம் பத்தாம இருக்கலாம்.)

நம்பலேன்னா ஒரு பெரிய ஃபைலை ஏத்திக்கிட்டே பிங் அடிச்சுப் பாருங்க. நான் பழைய ரவுட்டர்ல ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டு, வேகத்தை லைன்ல 90 சதவீதத்துக்குக் கட்டி, கோடெல் குடும்பத்து க்யூவை ஓட விட்டிருக்கேன். பிளான் அதே பழைய பிளான்தான். கிளாஸ்ல இப்ப மனுஷக் குரல். தம்பிதான் வீடியோ ஏற கொஞ்சம் லேட்டாகுதுன்னு புலம்பறான்.