ஒழுக்கத்துக்காக அல்ல

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபத்தின் பின்மேசையில் நாங்கள் ஐந்து தகப்பன்மார் இருந்தோம். ஐவருக்கும் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. அடுத்த வருடம் எந்தப் பள்ளிக்கூடம் என்ற கதை வந்தது. “கத்தோலிக்கப் பள்ளிக்கூடம்தான் அண்ணை. அங்கதான் ஒழுக்கம் இருக்கு” என்றார் ஒருவர். மற்ற நால்வரும் தலையாட்டினோம். அந்த மேசையில் ஒருவர்கூடக் கத்தோலிக்கர் இல்லை. இரண்டு பேர் கோயில் நிர்வாக சபையில் இருப்பவர்கள்.

இந்த ‘ஒழுக்கம்’ ஒரு பொய்க் காரணம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏழெட்டு வருடமாக நானும் அந்தப் பொய்யைச் சொல்லி வந்தவன். ஆகவே இதில் யாரையும் மேலே நின்று திட்டும் உரிமை எனக்கில்லை. போரைப் பற்றியும் நாவல்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிற நாங்கள், பிள்ளையை எங்கே படிக்க விட்டோம், ஏன் விட்டோம் என்பதை மட்டும் எழுதுவதில்லை.

வேறு நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்காக ஒன்றிரண்டு விபரங்கள். ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்கள் தனியார் பள்ளிக்கூடங்கள் அல்ல. அவை அரச பணத்தில் நடப்பவை, கட்டணம் கிடையாது. 1867 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 93 ஆம் பிரிவு கொடுத்த உரிமை அது. உயர்வகுப்புகளுக்கும் முழுப் பணம் என்று மாகாண அரசு 1984 இல் அறிவித்தது. ஆரம்ப வகுப்புகளுக்கு ரொறன்ரோவில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கேட்பதில்லை, எந்த மதத்துப் பிள்ளையும் போகலாம். சமய வகுப்பு வேண்டாமென்றால் பெற்றோர் எழுதிக்கொடுத்துப் பிள்ளைக்கு விலக்குப் பெறலாம். 2014 இல் பிரம்ரன் குடும்பம் ஒன்று தொடுத்த வழக்கில் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இந்த விலக்குப் படிவத்துக்குத் திரும்ப வருகிறேன். அதற்கு முன் அந்த ‘ஒழுக்கம்’ எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும்.

ஒரு பாதி ஊரிலிருந்து வந்தது. நான் தீவுப்பகுதிச் சைவப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தவன். யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் சம்பத்திரிசியார் கல்லூரிப் பெடியளின் வெள்ளை உடுப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். சுவாமிமார் நடத்துகிற பள்ளிக்கூடமென்றால் பிரம்பு, ஆங்கிலம், பிறகு உத்தியோகம் என்பது எங்கள் ஐயா காலத்துக் கணக்கு. மறுபாதி இங்கே உண்டானது. தொண்ணூறுகளில் எங்கள் பெடியள் ஸ்காபரோவில் கோஷ்டி சேர்ந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலத்தை மறந்தவர்கள் குறைவு. இரண்டு வேலை செய்து இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்த தாய் தகப்பனுக்கு, பிள்ளை யாரோடு திரிகிறது என்று பார்க்க நேரம் இருக்கவில்லை. சீருடை போட்ட பள்ளிக்கூடம் தங்களுக்காகப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். அந்தப் பயத்தை நான் பரிகசிக்க மாட்டேன்.

ஆனால் கோஷ்டிகள் அடங்கி எத்தனையோ வருடமாகிறது. பயம் போன பிறகும் சொல் நின்றுவிட்டது, இப்போது அது வேறு வேலை செய்கிறது. பெண்பிள்ளை என்றால் யாரோடு நடந்து போகிறாள் என்பதுதான் ஒழுக்கம். ஆண்பிள்ளை என்றால் ‘கூடாத கூட்டு’. அந்தக் கூட்டில் யார் யார் என்று கொஞ்சம் தோண்டிக் கேட்டால் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளைத்தான் சொல்லுவோம். சமாசனத்துக்கே போராட வேண்டியிருந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். நல்ல பள்ளிக்கூடம் என்றால் யார் உள்ளே வரமாட்டார்கள் என்று முதலில் பார்க்கிற பழக்கம் கப்பலேறி வந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஸ்காபரோவின் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில் பிலிப்பீன்ஸ் பிள்ளைகளும் கரீபியப் பிள்ளைகளும் நிறையப் படிக்கிறார்கள். நாங்கள் நினைக்கிற வேலி அங்கே இல்லவே இல்லை.

இனிப் படிவம். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது நானும் அதை நிரப்பிக் கையெழுத்து வைத்தேன். எங்கள் வட்டத்தில் அதுதான் கெட்டித்தனம் என்று பேச்சு. பள்ளிக்கூடம் வேண்டும், சமயம் வேண்டாம். மற்றப் பிள்ளைகள் சமய வகுப்பில் இருந்த நேரம் அவள் நூலகத்தில் இருந்தாள். பதினோராம் வகுப்பில் அந்தப் பாடத்தில் கற்பிப்பது உலகச் சமயங்கள் என்பது எனக்குத் தெரியாது. யூதம், இஸ்லாம், பௌத்தம், இந்து சமயம் எல்லாம் அதில் வருகிறது. கூடப் படித்த பிலிப்பீன்ஸ் பிள்ளை ஒருத்தி ஒப்படை எழுதுவதற்காக, “நீ இந்துதானே, கர்மா என்றால் என்ன?” என்று இவளிடம் கேட்டிருக்கிறாள். இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் தேவாரம் மனப்பாடம் செய்வித்தார்கள், கர்மாவுக்குப் போகவில்லை. சமயத்தைப் பற்றி யோசிக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வகுப்பறைக் கதவை நான்தான் சாத்தினேன்.

ஒழுக்கம் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் இன்னொரு பொருளும் உண்டு. அது எங்கள் காதில் விழுவதில்லை. அமலமரித் தியாகிகள் என்ற துறவறச் சபை பிரான்சிலிருந்து இலங்கைக்கு வந்தது 1847 இல். சம்பத்திரிசியாரை வளர்த்தெடுத்தவர்கள் அவர்கள்தான். மறு வருடம், 1848 இல், அதே சபை பின்னாளில் ஒட்டாவாப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரியைத் தொடங்கியது. அதே சபைதான் கம்லூப்ஸ் வதிவிடப் பள்ளியை 1893 இலிருந்து 1969 வரை நடத்தியது. ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, மொழியைப் பேசவிடாமல், தலைமயிரை வெட்டி, சீருடை போட்டுக் கொடுத்ததற்கும் பெயர் ஒழுக்கம்தான். சபை 1991 இல் மன்னிப்புக் கேட்டது. 2022 இல் பாப்பரசரே வந்து கேட்டார். எங்கள் ஐயாமாருக்கு ஆங்கிலமும் உத்தியோகமும் கொடுத்த சபை இன்னொரு சனத்தின் பிள்ளைகளிடமிருந்து மொழியைப் பறித்தது. மொழிக்காக இவ்வளவு இழந்து வந்த நாங்கள், அந்தப் பிரம்பின் ஞாபகத்தில் மயங்கி ‘ஒழுக்கம்’ என்று சொல்லும்போது கொஞ்சம் கூசவேண்டாமா?

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் நகர மைய வளாகத்தில் கலை, அறிவியல் பீடத்துக்குப் போகிற பிள்ளை ஏழு கல்லூரிகளில் ஒன்றைச் சேர்ந்தாகவேண்டும். பட்டம் ஒன்றுதான், பாடங்களும் பொது. கல்லூரி என்பது அந்தப் பெரிய கடலுக்குள் ஒரு சின்னத் துறைமுகம். அவள் முதலாவதாகக் குறித்தது சென் மைக்கல்ஸ், ஏழில் கத்தோலிக்கக் கல்லூரி அதுதான். பசிலியன் துறவிகள் 1852 இல் தொடங்கியது, 1910 இலிருந்து பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. எங்கள் சிற்றிதழ்க்காரர் மேற்கோள் காட்டி மகிழ்கிற மார்ஷல் மக்லூன் 1946 முதல் கற்பித்த இடம். அவர் வளர்ந்த பிறகு மதம் மாறிய கத்தோலிக்கர் என்பதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

“ஏன் பிள்ளை, பள்ளிக்கூடம் முடிஞ்சுதே. இனி என்னத்துக்கு அவையளிட்ட?” என்று கேட்டேன்.

“நீங்கள்தானே அப்பா என்னை அந்த வகுப்பால எடுத்தனீங்கள். நான் திரும்பிப் போய்ப் படிக்கப் போறன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சுட்டது.

பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. பள்ளிக்கூடத்துக்கு அள்ளிக் கொடுத்த ஒன்ராறியோ அரசு, சமயப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் தரமாட்டோம் என்று நின்றது. வின்சரில் இருந்த அசம்ப்ஷன் பல்கலைக்கழகம் தன் இடத்தை 1963 இல் மதச்சார்பற்ற வின்சர் பல்கலைக்கழகத்துக்கு விட்டுக்கொடுத்தது. ஒட்டாவாப் பல்கலைக்கழகம் 1965 இல் தியாகிகளின் கையை விட்டு அரச நிதிக்கு மாறியது. மொன்றியலில் யேசுசபையின் லொயோலாக் கல்லூரி 1974 இல் கொன்கோர்டியாவுக்குள் சேர்ந்தது. இன்றும் லொயோலா வளாகம் என்று பெயர் இருக்கிறது. அங்கே படித்த எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அது யாருடைய பெயர் என்று கேட்டிருப்பார்கள்? மிஞ்சிய கத்தோலிக்கக் கல்லூரிகளில் பல பெரிய பல்கலைக்கழகங்களுக்குள் ஒதுங்கிக்கொண்டன. அங்கே சீருடை இல்லை, பிரம்பு இல்லை, சான்றிதழ் கேட்பதில்லை, சமயப் பாடம் எடு என்று கட்டாயப்படுத்துவதும் இல்லை. நாங்கள் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூட அங்கே செல்லாது. அப்படியிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள்.

ஏன் போகிறார்கள் என்று அவளைக் கொண்டே கூடப் படிப்பவர்களிடம் கேட்பித்தேன். ஒருவனுக்கு விடுதி சுரங்க ரயிலுக்குக் கிட்ட. ஒருத்திக்கு அம்மம்மாவின் ஆசை. மூன்று வளாகத்திலும் சேர்த்து 90,000 பேருக்கு மேல் படிக்கிற இடத்தில் தன் பெயர் தெரிந்த ஒரு அலுவலகமாவது வேண்டும் என்றான் இன்னொருவன். வெளிநாட்டிலிருந்து வந்த முஸ்லிம் பிள்ளை ஒருத்தியின் பெற்றோர் சம்மதித்தது, அங்கே பெண்களுக்கு மட்டுமான லொறேற்றோ விடுதி இருப்பதால். ஆக வேலி தேடும் பெற்றோர் எங்களுக்குள் மட்டும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு மூன்று பேர் சொன்னது மகள் சொன்னதுக்குக் கிட்ட இருந்தது. மற்ற இடங்களில் கடவுள் என்று வாயெடுத்தால் பின்தங்கியவர் என்று பார்க்கிறார்கள், அல்லது ஒரு பண்பாட்டு அடையாளமாக மரியாதை கொடுத்து நகர்ந்துவிடுகிறார்கள். இங்கே அதை ஒரு கேள்வியாக எடுத்து வாதாடலாம், நம்பவேண்டும் என்றும் இல்லை.

அவள் எடுத்தது நூல், ஊடகக் கற்கை. போன மாரியில் ஒருநாள் குசினியில் நின்று கேட்டாள், “இந்தியாவில அச்சடிச்ச முதல் தமிழ்ப் புத்தகம் ஒரு செபப் புத்தகம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?” தெரியும். 1578, கொல்லம், ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’. பொது அறிவுப் போட்டிக்குப் பாடமாக்கியது. அந்தப் பாதிரியார் யாருக்காக அதை அச்சடித்தார், கடற்கரைச் சனம் அதை எப்படி வாங்கிக்கொண்டது, அதற்கு முன் தமிழில் அப்படிச் செபித்தவர்கள் யார் என்று அவள் அடுக்கிக் கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடமாகத் தமிழ் இதழ்களில் எழுதுகிறவன் நான்.

மதம் மாற்றிவிடுவார்கள் என்று கோயில் பக்கத்தார் சொல்லுவார்கள். நாவலரைச் சொல்லி மிரட்டுவார்கள். நாவலர் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்கியவர். (அது புரட்டஸ்தாந்துப் பள்ளி. ஆனால் வாதம் ஒன்றுதான்.) பிரசங்கம், அச்சுக்கூடம், வகுப்பேற்றிய பாடப்புத்தகம் எல்லாம் அங்கே பார்த்துப் பழகியதை வைத்துத்தான் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் நிறுவினார். அவரை அந்த வகுப்பறையிலிருந்து யாராவது விலக்கு எழுதி எடுத்திருந்தால் எங்களுக்கு நாவலர் இல்லை. மறுபக்கம், எங்கள் தமிழ் கத்தோலிக்கர் தனிநாயகம் அடிகளைக் காட்டுவார்கள். அவரும் சம்பத்திரிசியார் மாணவர்தான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடங்கள் அந்நாளில் பிள்ளைகளுக்கு ஊட்டியது ஆங்கிலத்தை. அவர் தமிழை முறையாகப் படித்தது குருவான பிறகு, தமிழ்நாட்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போய்.

இடதுசாரி நண்பர்களின் கேள்விதான் கடினமானது. ஒரு மதத்துக்கு மட்டும் எல்லாருடைய வரிப்பணமா? ஐ.நா. மனித உரிமைக் குழு 1999 இல் இது பாகுபாடு என்று சொல்லிவிட்டது. கியூபெக் அரசியலமைப்பைத் திருத்தி இந்த முறையைக் கைவிட்டது. நாளைக்கு ஒன்ராறியோவில் வாக்கெடுப்பு வைத்தால் நானும் நிறுத்து என்றுதான் போடுவேன். அதுவரை என் பிள்ளைகளை அங்கேதான் அனுப்புவேன். இதில் நேர்மை இல்லை என்று நண்பர் சொன்னார். சரிதான் என்று சொல்லித் தேத்தண்ணி வார்த்துக் கொடுத்தேன்.

மகன் வருகிற செப்டெம்பரில் ஒன்பதாம் வகுப்பு. இந்த முறை விலக்குப் படிவம் கேட்கவில்லை. பிறந்தநாள் முடிந்து திரும்பும்போது காரில் அவனிடம் கேட்டேன், எந்தப் பள்ளிக்கூடம் வேண்டும், ஏன் என்று. அக்காவின் பள்ளிக்கூடம்தான் வேண்டுமாம். அங்கே கூடைப்பந்து அணி நல்லதாம்.