கடத்தியும் காவலியும்

மார்கழித் திங்களின் விடியற்காலையில் எழுந்து, சன்னலின் இரும்புக் கம்பியை ஒரு கையாலும், அதன் மரச்சட்டத்தை மறு கையாலும் பற்றிப் பாருங்கள். கம்பி மிகக் குளிர்ந்திருப்பதாகவும், சட்டம் அத்துணைக் குளிரவில்லை என்றும் கைகள் கூறும். இரண்டும் இரவு முழுவதும் ஒரே காற்றில் நின்றவை. வெப்பமானி கொண்டு அளந்தால் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றாகவே இருக்கும். அங்ஙனமாயின் கை பொய் கூறிற்றோ? அன்று. கை பொருளின் வெப்பநிலையை அளப்பதே இல்லை. தன்னிடத்துள்ள வெப்பம் எவ்வளவு விரைவாகப் பறிபோகின்றது என்பதையே அஃது உணர்கின்றது. இரும்பு வெப்பத்தை விரைந்து வாங்கி உள்ளே செலுத்திவிடுகின்றது. மரம் தயங்கித் தயங்கி வாங்குகின்றது. சித்திரை வெயிலில் இதே கம்பியையும் சட்டத்தையும் தொட்டால், கம்பி கையைச் சுடும். மரமோ பொறுக்கத்தக்கதாக இருக்கும். அப்பொழுது வெப்பம் செல்லும் திசை மாறிற்றேயன்றி, அவ்விரு பொருள்களின் இயல்பு மாறவில்லை.

தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் இயற்பியலைப் பற்றி எழுதப் புகுவது முறையாகுமா எனச் சிலர் வினவலாம். பொருள்களை ஆராய்தல் அறிவியலார் தொழில். பொருள்களுக்கு இட்ட பெயர்களை ஆராய்தல் எம்மனோர் தொழில். இப்பாடத்திலுள்ள பெயர்களைப் பற்றியே யான் சிறிது கூற விழைகின்றேன்.

முதலில் கடத்தல் இன்னதெனக் காண்போம். திடப்பொருளிலுள்ள நுண்துகள்கள் தத்தம் இடம் விட்டுப் பெயர்வதில்லை. நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. ஒரு முனையைச் சூடேற்றினால் அம்முனையிலுள்ள துகள்கள் மிகுதியாக அதிர்ந்து, அவ்வதிர்வைத் தம் அண்டையிலுள்ள துகள்களுக்கு வழங்குகின்றன. அவை தமக்கு அண்டையிலுள்ளவற்றுக்கு வழங்குகின்றன. தீப்பற்றிய வீட்டை அணைக்க ஊரார் கிணற்றடி முதல் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவது போன்றது இது. ஆள் நகர்வதில்லை, குடம் நகர்கின்றது. உலோகங்களில் இதற்கு மேலும் ஒரு வசதி உண்டு. எந்த அணுவுக்கும் கட்டுப்படாது உலவும் எலக்ட்ரான்கள் அவற்றில் உள்ளன. வரிசையில் நில்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் இளைஞரைப் போல அவை வெப்பத்தைச் சுமந்து செல்கின்றன. ஆதலின் உலோகங்கள் வெப்பம் கடத்துவதில் விரைவுடையவாயின. (வைரம் இதற்கு ஒரு விந்தையான விலக்கு. மின்சாரத்தைக் கடத்தாத அது, வெப்பத்தைத் தாமிரத்தினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாகக் கடத்தும். அதன் அணுக்கள் அவ்வளவு இறுகப் பிணைந்துள்ளன.)

இனிப் பெயர்களுக்கு வருவோம். விரைந்து கடத்துவதை நல்ல கடத்தி என்றும், மெல்லக் கடத்துவதைக் கெட்ட கடத்தி என்றும் பொருள்படும் பெயர்களை ஆங்கிலப் பாடநூல்கள் வழங்குகின்றன. நம் பாடநூலோர் இரண்டாவதை அவ்வாறே பெயர்க்காமல் ‘அரிதிற்கடத்தி’ என்றனர். அரிதில் என்பதன் லகரம் வல்லினம் வர றகரமாய்த் திரிந்தது. அருமையாகக் கடத்துவது, அதாவது கடத்துதல் அதற்கு எளிதன்று என்பது பொருள். இதில் பழிப்பு இல்லை; உண்மை மட்டுமே உள்ளது. முற்றும் கடத்தாத பொருள் உலகில் இல்லையாதலின் ‘கடத்தாதது’ என்னாமல் ‘அரிதில் கடத்துவது’ என்றது மிகப் பொருத்தம். ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்களில் இதனினும் இனிய சொல் ஒன்று உண்டு. கடத்த விடாது தடுக்கும் பொருளை அவர்கள் ‘காவலி’ என்பர். காவல் செய்வது காவலி. மெல்லக் கடத்துதல் குறையன்று, ஒரு தொண்டு என்பதை அச்சொல் ஒரு மூச்சில் உணர்த்திவிடுகின்றது. அச்சொல்லை நாமும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும் என்பது என் கருத்து. இது சொல்லழகு கருதிக் கூறியதன்று. கெட்டது என்று பெயரிட்ட பொருளை எவரும் தேடிச் செல்லார். காவல் என்று பெயரிட்டதைத் தேடுவர்.

பொருள்களின் கடத்துதிறன் எவ்வளவு வேறுபடுகின்றது என்பதை எண்களால் அறியலாம். ஒரு மீட்டர் தடிப்பும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் உள்ள பொருளின் இரு பக்கங்களுக்கிடையே வெப்பநிலை ஒரு பாகை வேறுபட்டால், ஒவ்வொரு நொடியும் அதன் வழியே செல்லும் வெப்பமே அளவு. தாமிரத்துக்கு அது ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 235, இரும்புக்கு 80, நாம் எவர்சில்வர் என்னும் துருப்பிடியா எஃகுக்கு 15. கான்கிரீட்டுக்கு ஒன்றரை அளவிலும், மரத்துக்கு 0.15 அளவிலும் இருக்கும். அசையாத காற்றுக்கு 0.025 மட்டுமே. எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பால் அடிப்பிடிப்பது ஏன் என்பதற்கு இவ்வெண்களே விடை. தீ படும் இடத்து வெப்பம் பக்கங்களில் பரவாமல் அங்கேயே மேலேறி, அவ்விடத்துப் பாலைத் தீய்த்துவிடுகின்றது. அடியில் தாமிரத் தகடு பொருத்திய பாத்திரத்தில் வெப்பம் அடிமுழுதும் பரவுகின்றது. அப்பாத்திரத்தின் கைப்பிடியோ மரத்தாலோ அது போன்ற காவலியாலோ அமைந்திருக்கும். கடத்தியும் காவலியும் ஒரே கலத்தில் இணைந்து தொழில் புரிதலை அடுக்களையில் நாள்தோறும் காணலாம்.

காற்றின் எண் மிகச் சிறியது என்பதைக் கருதுக. ஆயினும் காற்றுக்கு ஒரு குறை உண்டு. அஃது ஓரிடத்தில் நில்லாது. அசைந்தால் வெப்பத்தைச் சுமந்து செல்லும். ஆகவே அதனைச் சிறு சிறு அறைகளில் சிறைப்படுத்தல் வேண்டும். கம்பளி, பஞ்சு, வைக்கோல், மரத்தூள், ஓலை ஆகிய அனைத்தும் அவ்வாறு காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருப்பவையே. கம்பளி சூடு தரும் என்பது வழக்கில் வந்த பிழை. ஒரு பனிக்கட்டியைக் கம்பளியில் பொதிந்து வைத்தால் அது வெளியே கிடப்பதினும் நெடுநேரம் உருகாதிருக்கும். கம்பளி எதனையும் சூடாக்குவதில்லை. உள்ளதை உள்ளேயும் புறத்ததைப் புறத்தேயும் நிறுத்துகின்றது.

இவ்வுண்மையை நம்பி ஒருவர் பெருஞ்செல்வம் ஈட்டினார். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் என்பார், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்தெடுத்து வெப்பநாடுகளுக்கு விற்றார். 1833 ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதம் கழித்துச் செப்டம்பரில் அது கரை சேர்ந்தபொழுது, 100 டன் அளவு உருகாமல் எஞ்சியிருந்தது! அக்காலத்தில் குளிரூட்டும் இயந்திரம் ஏது? இவ்வணிகத்தில் பனிக்கட்டியைக் காத்தவை மரத்தூளும் வைக்கோலும் மரப்பட்டைத் தூளுமே. மர ஆலைகளில் குப்பையெனக் கொட்டிய தூள், பாஸ்டனின் குளிரை வங்கக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. சென்னைக் கடற்கரையில் 1842 இல் இப்பனிக்கட்டியைச் சேமிக்க ஒரு கட்டடம் எழுந்தது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் வழி வந்தபின் அவ்வணிகம் நின்றது. 1897 இல் விவேகானந்தர் தங்கிய அக்கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லம். எனினும் அப்பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றே மக்கள் அழைக்கின்றனர்.

அயல்நாட்டு வணிகர் ஒரு கட்டிப் பனிக்குச் செய்த காவலை, நாம் கூரையின்கீழ் வாழும் மக்களுக்குச் செய்கின்றோமா? இதுவே யான் எழுப்ப விரும்பும் வினா. நம் முன்னோர் கீற்றும் பனையோலையும் வேய்ந்தனர். நாட்டோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையே காற்று தங்க விட்டனர். இன்று எளியோர் பலர் தகரக் கூரையின்கீழ் வாழ்கின்றனர். பூரியே என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் 1822 இல் வெளியிட்ட நூலில் வகுத்த விதியின்படி, கடந்து செல்லும் வெப்பம் வெப்பநிலை வேறுபாட்டுக்கும் பரப்புக்கும் ஏற்பக் கூடும். தடிப்பு மிகக் குறையும். இனிக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் மரப்பலகை தடுக்கும் அளவு வெப்பத்தைத் தடுக்கக் கான்கிரீட்டுக்குப் பத்துச் சென்டிமீட்டர் தடிப்பு வேண்டும். இரும்புக்கோ ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டும்! தகரத்தின் தடிப்போ அரை மில்லிமீட்டர். ஆகவே அதன் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஏறக்குறைய ஒரே சூடாயிருக்கும். கீழ்ப்புறம் அடுப்பு போல் கீழுள்ளோர்மீது வெப்பத்தை வீசும். சிமெண்டு அட்டை இரும்பினும் எத்துணையோ மெல்லக் கடத்துவதாயினும், அதன் தடிப்பு ஆறு மில்லிமீட்டர் அளவே. மெலிந்த காவலன் வாயிலில் நின்றும் பயனில்லை. கான்கிரீட்டுத் தளம் தடித்ததே. ஆனால் அது பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவெல்லாம் உமிழ்கின்றது. மாலையில் மொட்டை மாடியில் நீர் தெளிப்பதும், அறையை விட்டு அங்கே சென்று படுப்பதும் அதனாலன்றோ?

அங்ஙனமாயின் பழைய ஓலைக்கே மீள்க என்கின்றீரா எனக் கேட்பர். இல்லை. 2004 ஆம் ஆண்டு சூலை 16 ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையற்கட்டில் எழுந்த தீ ஓலைக் கூரையைப் பற்றியதால் 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் பள்ளிகளில் ஓலைக் கூரை கூடாது என்றது முற்றும் நேரிய முடிபு. ஆயின் ஓலையை நீக்கியபொழுது ஒரு தீங்கோடு ஒரு காவலும் நீங்கியது. தீங்கை நீக்கினோர் காவலைத் திரும்பத் தருதல் கடன். எரியாத காவலிகள் பல உள. கற்களை உருக்கி நூற்ற கம்பளியும் கண்ணாடி இழையும் அத்தகையன. தளத்தின்மேல் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசுதல் நம் நாட்டு வழக்கமே. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கான்கிரீட்டுத் தளத்தின் இடையிடையே பழைய ஓடுகளைப் பதித்து, செலவையும் குறைத்தார். இடைப்பட்ட காற்றால் வெப்பத்தையும் குறைத்தார். ஆகவே செலவு மிகும் என்பாரின் தடை பெரிதன்று. வகுப்பறைக்கு மின்விசிறி எத்தனை என்று கணக்கெழுதுவோர், அதன் கூரையின்கீழ் காவலி உண்டா என்னும் ஒரு கட்டத்தையும் அப்படிவத்தில் சேர்த்தல் வேண்டும். விசிறி அனற்காற்றைச் சுழற்றுமேயன்றிக் கூரையின் அனலைத் தடுக்காது.

மாணவர்களே! உங்கள் ஆய்வறையில் வெப்பமானிகள் இருக்கும். ஆசிரியரின் இசைவு பெற்று, ஒன்றைக் கூரையின் அடிப்புறத்தை ஒட்டியும், மற்றொன்றை நீங்கள் அமரும் பலகையின் உயரத்திலும், மூன்றாவதை வெளியே மர நிழலிலும் தொங்கவிடுங்கள். பங்குனி மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு வாரம் தொடர்ந்து அளவுகளைக் குறியுங்கள். அத்தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். மற்றொரு படியைப் பெற்றோர் கூட்டத்தில் படியுங்கள்.