மீன் கெஜட் படிப்பதில்லை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 61 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் மீன் என்ன கெஜட்டைப் படித்துவிட்டா முட்டையிடுகிறது?

மடவையும் வெள்ளை இறாலும் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கழுவெளிப் பக்கம் ஏறி வந்து வளரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெருகும். அந்த நீரோடுதான் உள்ளே வரும். அஷ்டமியில் நீர் சோம்பிக் கிடக்கும். பிரெஞ்சில் முதலாவதை 'வீவ்-ஓ', உயிருள்ள நீர் என்பார்கள். இரண்டாவது 'மோர்த்-ஓ', செத்த நீர். பள்ளியில் உருப்போட்ட சொல், கழியோரம் நின்று பார்த்தால்தான் விளங்குகிறது.

அந்த உயிருள்ள நீருக்குக் குறுக்கே கொசுவலையைக் கட்டினால் எது மிஞ்சும்? விசைப்படகை நிறுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறோம். கழியில் கட்டுகிற வலையை யார் பார்க்கிறார்கள்?

"ஏழை வயிற்றில் அடிக்கிறீரே" என்பார்கள். தூண்டில்காரரையும் வீச்சுவலைக்காரரையும் நான் சொல்லவே இல்லை. அமாவாசை, பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் முகத்துவாரத்தை விட்டுவிடுங்கள் என்கிறேன். நாள்காட்டி எல்லார் வீட்டிலும் தொங்குகிறது.

நம்மையும் சொல்ல வேண்டும். வயிற்றை அமுக்கிப் பார்த்து "சினை இருக்கா?" என்று கேட்டு வாங்குவது நம் வயசுக்காரர்கள்தானே? ஆனால் அமாவாசையன்று நம்மில் பலர் வீட்டில் மீனே வாங்குவதில்லை. அன்றைக்கு அந்த வலை யாருக்காக?