பொங்கல் பானைக்கு ஓர் ஆசிரியர்

இந்த வாரம் மனம் நிறைந்திருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் பின்கட்டில் களிமண் பட்டறை ஒன்று நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வரலாம், கொடுக்க முடிந்ததைக் கொடுக்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். அண்ணி என்னை விடாப்பிடியாக அழைத்துப் போனார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், விடுமுறை நாளைக் கழிக்க வந்த இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர், பேசவே கூச்சப்பட்ட ஒரு பையன் எல்லோரும் ஒரே மேசையில் மண் பிசைந்துகொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுப்பவர் அறுபது வயது மதிக்கத்தக்க சீன அம்மா. மண்ணுக்குள் காற்றுக் குமிழி தங்காமல் எல்லாம் ஒரே சீராக வர வேண்டும் என்பதால் பிசைவதற்கே அரை மணி நேரம் கொடுக்கிறார். அண்ணியின் உருண்டை சக்கரத்தின் நடுவில் நிற்காமல் ஆட்டம் போட்டபோது, "பெலான்-பெலான் (மெதுவாக), ஆண்ட்டி" என்று மட்டும் சொல்லி அவர் கைமேல் தன் கையை வைத்தார். அவருக்காகச் செய்து முடித்துக் கொடுக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு மணி நேரத்தில் கோப்பையைக் கையில் திணித்துப் படமெடுத்து அனுப்பும் வகுப்புகளைப் பார்த்துச் சலித்த எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அப்போதுதான் அண்ணி கேட்டார்: "டீச்சர், இதுலேயே ஒரு பொங்கப் பானை செஞ்சிடலாமா?"

"அடுப்பில் வைத்தால் விரிசல் விட்டுவிடும்" என்றார் அந்த அம்மா மலாயில். "உங்கள் பானை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. செய்கிறவர் யாரையாவது அழைத்து வாருங்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன்."

பட்டறை எப்படித் தொடங்கியது, அடுத்த மாதம் என்ன கண்காட்சி வைக்கிறார்கள் என்றெல்லாம் எழுதத்தான் குறிப்பெடுத்து வந்தேன். அந்தக் குறிப்புகள் இருக்கட்டும். அந்த அம்மா சொன்னதைப் பற்றித்தான் வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொன்னது சரி. இத்தகைய பட்டறைகளில் சுடும் கோப்பைகள் 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்து, துளையில்லாமல் இறுகிப்போனவை. அடியில் மட்டும் தீ பட்டால் அந்தப் பக்கம் விரியும், மற்ற பக்கம் விரியாது, பிளந்துவிடும். பொங்கல் பானை விறகிலும் வைக்கோலிலும் அதைவிடப் பல நூறு டிகிரி குறைந்த சூட்டில் வெந்தது. மணல் கலந்த, நுண்துளைகள் நிறைந்த உடம்பு. சூடு ஏறும்போது விரிவதற்கு அதில் இடம் இருக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதே துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாவதால்தான். இனி வடிவம். நம் குயவர்கள் சக்கரத்தில் முழுப் பானையை எடுப்பதில்லை. அடி இல்லாமல் தடித்த சுவராக எடுத்து, பாதி உலர்ந்ததும் உள்ளே ஒரு கல்லைப் பிடித்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். உருண்டையான அடி, ஒரே சீரான கனம். தீ எங்கும் சமமாகப் படுகிறது. கிளந்தான் மாம்போங்கில் மலாய்ப் பெண்கள் சக்கரமே இல்லாமல் செய்யும் பானைகளும் கல்லும் பலகையும் கொண்டு தட்டப்படுபவைதான். மின்சக்கரம் சுழலும் பட்டறைகளில் இந்தத் தட்டு வேலையைப் பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்த வித்தை தெரிந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். கோலசிலாங்கூரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றிவருகின்றன. தை பிறக்கும் முன் லிட்டில் இந்தியாவில் பானையைத் தட்டிப் பார்த்து விலை பேசும் நாம், அதைச் செய்த கை யாருடையது என்று கேட்பதில்லை.

செய்த கையை மறப்பது நம்மோடு நிற்கவில்லை. பழைய வாசகர்களுக்கு ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூவின் 'பயனியர் பாட்டரி' என்ற நூல் மீது எனக்குள்ள பிரியம் தெரியும். 1969இல் வந்தது. காலடியில் கிடைக்கும் பாறை, சாம்பல், மண் இவற்றைக் கொண்டே ஒரு பட்டறையை எப்படி எழுப்புவது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் புத்தகம். கார்டியூ, பெர்னார்ட் லீச்சின் முதல் மாணவர்களில் ஒருவர். லீச் ஹாங்காங்கில் பிறந்து, சிறு வயதில் சில காலம் நம் பக்கத்துச் சிங்கப்பூரில் இருந்தவர். ஜப்பானில் மண்வேலை கற்று, 1920இல் ஹமாடா ஷோஜியுடன் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை போட்டவர். உலகெங்கும் இன்று காணும் ஸ்டுடியோ பட்டறைகளுக்கு அது ஒரு தாய்வீடு. கார்டியூ 1950களின் தொடக்கத்தில் நைஜீரியாவில் அன்று அபுஜா என்ற பெயரில் இருந்த ஊரில் ஒரு பயிற்சி நிலையம் அமைத்தார். உள்ளூர் அமீரின் மாளிகையில் அவர் பார்த்து வியந்த பானைகளைச் செய்தவர் லாடி க்வாலி என்ற பெண். சிறு வயதிலேயே அத்தையிடம் கற்றவர். மண்ணைக் கயிறாகத் திரித்து அடுக்கி, பல்லியும் தேளும் கீறிய பெரிய தண்ணீர்ப் பானைகளை அவர் செய்துவந்தார். 1954இல் அவரை நிலையத்தில் சேர்த்தார்கள். பயிற்சி பெறுபவராக! அங்கே இருந்த எவரையும்விட மண்ணை அறிந்தவரை. பிறகு அந்தப் பானைகள் லண்டனில் காட்சிக்கு வந்தன, 1977இல் ஒரு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, இன்று நைஜீரியாவின் 20 நைரா நோட்டின் பின்பக்கத்தில் அவர் இருக்கிறார். அந்த நூலை மதிக்கும் நான், ஆசிரியரை மாணவராக்கிய இந்த ஒரு வரிசை மாற்றத்தை மட்டும் ஏற்க முடியாமல் இருக்கிறேன். அவர் முதல் நாளிலிருந்தே ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் பாண்டிச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானின் பிசெனில் பயின்றவர். சவுக்கு விறகு போட்டு எரித்த சூளை. மீக்கர் 1980களில் மண்வீடுகளையே சூளையாக்கி, உள்ளே செங்கல்லை அடுக்கி, வீட்டோடு சேர்த்துச் சுட்டுப் பார்த்தவர். இந்தியாவெங்கும் இருந்து வந்தவர்கள் அங்கே கற்றுப் போய்ப் பட்டறை வைத்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அங்கே வேலை கற்றார்கள். அந்தத் தாராளம் பெரிது. ஆனாலும் பொதுவாக இந்த ஸ்டுடியோ உலகில் நகரத்திலிருந்து வந்து கற்பவர் கலைஞர் ஆகிறார், கிராமத்திலிருந்து வந்தவர் வேலையாள் என்றே நிற்கிறார்.

இதில் நம் சமூகத்தின் பங்கு இன்னும் பெரிது. வேளார், குலாலர் என்று சில குடும்பங்களிடம் சக்கரத்தை ஒப்படைத்து, அவர்கள் செய்த பானையில் பொங்கலும் அவர்கள் செய்த குதிரையில் ஐயனாருக்கு நேர்த்திக்கடனும் வைத்துவிட்டு, அவர்களைத் தள்ளியே நிறுத்தினோம். வித்தையை அவர்கள் வெளியே விடவில்லை என்கிறோம். கற்றுக்கொள்ள யார் போய்க் கேட்டோம்? மானாமதுரைக் கடத்தைத் தட்டித் தட்டிச் சுருதி கூட்டிய மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது மகிழ்ச்சி. கச்சேரி மேடையில் கடம் வாசிப்பவருக்கு எத்தனை காலத்துக்கு முன்பே மாலை விழத் தொடங்கியது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

நம் மண்டபங்களைப் பற்றி நான் சொல்லிச் சொல்லிச் சலிக்கவில்லை. பினாங்கில் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் மண்டபங்கள் இருக்கின்றன. பரதம், தேவாரம், யோகா எல்லாவற்றுக்கும் ஆசிரியர் வருகிறார். ஒரு சக்கரம் மட்டும் இல்லை. பொங்கல் பானைக்கு மின்சூளை தேவையில்லை. பின்புறத்தில் கொஞ்சம் திறந்த இடம், விறகு, வைக்கோல், சில மூட்டை மண் போதும். கோலசிலாங்கூரிலிருந்து ஒரு குயவரை ஒரு வார இறுதிக்கு அழைக்க வேண்டும். சால்வை போர்த்தி, உறையில் அன்பளிப்பு வைத்து அனுப்பிவிடக் கூடாது. பரத ஆசிரியருக்கு என்ன கட்டணமோ அதையே அவருக்கும் கொடுக்க வேண்டும். தங்க நல்ல அறை, அறிவிப்புத் தாளில் ஆசிரியர் என்று அவர் பெயர். பெண்கள் சக்கரத்தைத் தொடக் கூடாது என்று பல ஊர்களில் இருந்த வழக்கத்தை இங்கே யாரும் கொண்டுவர வேண்டாம். முதல் வரிசையில் அண்ணி உட்காருவார். அந்தச் சீன அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்கழி நெருங்கிவிட்டால் குயவர்களுக்குத் தலைக்குமேல் வேலை இருக்கும், ஆகவே ஆடியிலேயே கேட்டுவிட வேண்டும். இடம் தர மனமுள்ள நிர்வாகத்தினர் இந்தப் பத்தியின் பெயருக்கு எழுதுங்கள். வரும் குயவரின் பயணச் செலவையும் மண் வாங்கும் செலவையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.