பீப்பாய் ஒன்று போதுமா?

மழைநீர் சேகரிப்பு என்றதும் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் ஒரே காட்சிதான். கூரைக் குழாயின் அடியில் ஒரு நீலப் பீப்பாய். அதன்மேல் மாணவர் தீட்டிய பூ. பக்கத்தில் போட்டிக்கான பதாகை. நடுவர்கள் வந்து படமெடுத்துச் செல்வர். அந்தப் பீப்பாயை நான் வெறுக்கவில்லை. தண்ணீர்ச் சிக்கலுக்கு அதுவே தீர்வு எனப் பிள்ளைகளை நம்ப வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். ஆக, 100 சதுர மீட்டர் கூரையில் 2 மில்லிமீட்டர் மழைக்கே 200 லிட்டர் பீப்பாய் நிரம்பிவிடும். மாலை இடிமழை 50 மில்லிமீட்டரைத் தொடுவது நமக்குப் புதிதன்று. எஞ்சிய 4,800 லிட்டரும் கால்வாய்க்கே. பிடித்து வைத்த 200 லிட்டரோ, மலேசியர் ஒருவர் ஒரே நாளில் செலவிடும் நீரைவிடக் குறைவு!

"ஆண்டு முழுதும் மழை பெய்யும் நாடாயிற்றே, நாளை மீண்டும் நிரம்பாதா?" என்பார்கள். அந்த 'நாளை'யின்மேல்தான் பருவநிலை மாற்றம் கைவைக்கிறது. வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. எல் நினோ ஆண்டுகளிலோ வறண்ட நாள்கள் மேலும் வெந்து நீள்கின்றன. ஆண்டுச் சராசரி மாறாமலே இருந்தாலும் நம் பீப்பாய் தோற்றுவிடும். 2014-இல் சிலாங்கூரில் வாரக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு. அதே சிலாங்கூரில் 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. இவற்றுக்குப் பருவநிலை ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டிலும் பூப்போட்ட பீப்பாய் யாருக்கு உதவியது?

1998-இன் தண்ணீர்ப் பஞ்சத்திற்குப் பிறகு, 1999-இலேயே வீடமைப்பு ஊராட்சி அமைச்சு மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் நம் பெற்றோர் பலர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் அதன் சுவடே இல்லை.

நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் கழிப்பறைக்கு மட்டும் நாளொன்றுக்கு 120 லிட்டர் என வைத்துக்கொள்வோம். மழையற்ற 20 நாள்களுக்கு 2,400 லிட்டர் வேண்டும். இதைக் கணிதப் பாடத்திலேயே மாணவர்கள் தத்தம் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாமே! நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வரும். அதைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்ற வேண்டும். இறுகிய மூடியும் வலையும் இல்லாத தொட்டி ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். இவ்விரண்டையும் எந்தப் பதாகையிலும் நான் கண்டதில்லை.

வரிசை வீட்டில் பெரிய தொட்டிக்கு இடமில்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கூடக் கூரைக்கு அந்தச் சாக்கு இல்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பதாகைச் செலவைப் பற்றிப் பேசும்போது, கழிப்பறைக்கு இணைத்த தொட்டி ஒன்றின் விலையையும் யாராவது கேளுங்கள்.