ஆணைக்கு முன் ஆராய்ச்சி

சர்க்கார் ஒரு திட்டத்தை வகுக்க முற்படும்போது, முதலில் நாட்டின் நிலையை உள்ளபடி அறிந்து, அதற்குப்பின் வழியை நிர்ணயித்து, கடைசியாகவே பணத்தை ஒதுக்க வேண்டும் என்பது யாரும் மறுக்காத நியாயம்; ஆயினும் நடைமுறையில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே அமைந்துவிடுகிறது. சட்டமன்றத்தில் அறிவிப்பு முதலில் வருகிறது. அரசாணை அதைத் தொடர்கிறது. பணமும் செலவாகி, திறப்பு விழாக் கல்வெட்டும் நாட்டப்பட்ட பிறகு, திட்டத்தால் விளைந்த பயன் யாதென மதிப்பிட்டுத் தரும்படி ஏதேனும் ஓர் ஆய்வு நிறுவனத்துக்குக் கடிதம் போகிறது. அந்நிறுவனமும் குறித்த கெடுவுக்குள் சில நூறு குடும்பங்களிடம் வினாத்தாள்களைப் பூர்த்தி செய்து வாங்கி, சராசரிகளைக் கணக்கிட்டு, அழகிய அட்டையிட்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறது. நடந்து முடிந்ததற்குச் சான்றிதழ் வழங்கும் இத்தகைய ஆராய்ச்சியால் நிலத்துக்கும் நீருக்கும், அவற்றை நம்பிப் பிழைக்கும் ஜனங்களுக்கும் விளையும் பிரயோஜனம் சொற்பமே. பொதுக்கொள்கைக்கு உதவும் ஆராய்ச்சி ஆணைக்கு முன்பே வர வேண்டும். ஒரு முறை பார்த்த இடத்துக்கே மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். அதன் முடிவு, அது யாரைப் பற்றியதோ அவர்களுடைய கைக்குப் போய்ச் சேர வேண்டும். இவை கைகூடாத லட்சியங்கள் அல்ல என்பதற்கு, நூறாண்டுகளுக்கு மேற்பட்ட முன்மாதிரி ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

1915-ஆம் ஆண்டின் இறுதியில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பாடத்தின் முதல் பேராசிரியராகக் கில்பர்ட் ஸ்லேட்டர் வந்து சேர்ந்தார். தொழிலாளர்களின் கல்விக்கென ஆக்ஸ்போர்டில் ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் அவர். விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, நிலம், பயிர், கால்நடை, கூலி, கடன் முதலிய விஷயங்களைத் தங்கள் கிராமத்திலேயே விசாரித்து எழுதி வரும்படி அவர் பணித்தார். அவ்வாறு 1916-ஆம் ஆண்டு தொடங்கித் திரட்டப்பட்ட விவரங்கள் 1918-இல் நூலாக வெளிவந்தன. அந்நூலில் இடம்பெற்ற தமிழகக் கிராமங்கள் ஐந்து: இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, நாகப்பட்டினம் மாவட்டத்துப் பாலக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டத்துத் தூசி, சிவகாசி வட்டாரத்து வடமலாபுரம், திருநெல்வேலிக்கு வடக்கேயுள்ள கங்கைகொண்டான்.

இந்த முயற்சி அத்துடன் நின்றிருந்தால், பழைய நூலகங்களில் தூசு படியும் எத்தனையோ ஏடுகளுள் ஒன்றாகவே அது முடிந்திருக்கும். அதன் பெருமை, பின்வந்தவர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்றதில் இருக்கிறது. பொருளாதார மந்தத்தால் விவசாயம் நலிந்திருந்த 1936-37-இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வை நடத்தினர். நாடு சுதந்திரம் அடைந்து ஐந்தாண்டுத் திட்டங்கள் நடந்துவந்த 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்து பார்த்தார். 1980-களில் அந்தப் பொறுப்பை, மால்கம் ஆதிசேஷையா 1971-இல் அடையாற்றில் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஏற்றது. அங்கே இப்பணியில் முன்னின்ற எஸ். குகன், தமிழக அரசின் நிதித்துறைச் செயலராக இருந்து, கோப்புகளில் கண்ட கிராமத்தைக் களத்தில் காணப் புறப்பட்டவர். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டுக்கு மீண்டும் சென்றனர். ஆசிரியர்கள் மாறினர், ஆட்சிகள் மாறின, ஜில்லாக்களின் பெயர்களும் எல்லைகளும் மாறின, கேள்விகளின் இழை மட்டும் அறவில்லை.

இப்படித் திரும்பிப் போவதால் என்ன லாபம் என்பதற்கு இருவேல்பட்டே சாட்சி. 1916-இல் அது ஒரு பெருநிலக்கிழார் குடும்பத்தின் ஆதிக்கத்தில், படியாட்களின் உழைப்பில் இயங்கிய ஊர். 2008-இல் சென்றவர்கள் அந்த ஆதிக்கம் தளர்ந்திருக்கக் கண்டனர். நிலம் பல கைகளுக்கு மாறியிருந்தது. விவசாயத்துக்கு வெளியே பிழைப்புத் தேடுவோர் பெருகியிருந்தனர். ஒடுக்கப்பட்ட மக்களின் குரல் வலுத்திருந்தது. இம்மாறுதலில் அரசின் நலத்திட்டங்களுக்கும் பங்கு இருந்தது. ஆனால், எந்தச் சட்டத்தால் இது நிகழ்ந்தது என்று கேட்டால், ஒரே ஒரு சட்டத்தைச் சுட்டிக்காட்ட இயலாது. கல்வி, சாலை, நியாயவிலைக் கடை, வாக்குரிமை, நகரத்து வேலை ஆகிய பலவும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து தலைமுறைக் கணக்கில் செய்த வேலை அது. மூன்று ஆண்டுகளில் முடியும் திட்டத்தை ஆறு மாதத்தில் மதிப்பிடும் இன்றைய முறைக்கு இத்தகைய மாறுதல் கண்ணிலேயே படாது. சுரம் கண்டவனை ஒரே ஒருமுறை நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, குணம் தெரிகிறதா இல்லையா என்று எந்த வைத்தியனும் சொல்லத் துணிய மாட்டான்.

அருகில் இருந்து பார்ப்பதற்கும் எட்ட இருந்து எண்ணுவதற்கும் உள்ள பேதம் கூலி என்ற ஒரு விஷயத்திலேயே விளங்கும். அந்நாளில் விவசாயக் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. அளக்கும் மரக்காலோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. வினாத்தாளில் ‘நாட்கூலி, ரூபாய்’ என்றொரு கட்டம் இருந்துவிட்டால், அதில் ஓர் எண்ணை நிரப்புவது எவருக்கும் எளிது. எந்த மரக்காலால் அளந்தார்கள், தலைதட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா, அறுவடை நாளில் களத்தில் கிடைத்தது இதில் சேர்ந்ததா, பண்ணையில் வாங்கிய முன்பணத்துக்காக எவ்வளவு பிடித்துக்கொண்டார்கள் என்பவற்றையெல்லாம், அந்த ஊரில் தங்கி, களத்துமேட்டில் நின்று பார்த்தவனே சொல்ல முடியும். தஞ்சைப் பகுதியின் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்க 1952-இல் சட்டம் வந்தபோது, அது எட்ட வேண்டிய இடம் பாலக்குறிச்சி போன்ற ஊர்களின் களத்துமேடுதான். சட்டம் அங்கே எட்டியதா என்பதைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டி அறிந்துவிட முடியாது.

சுற்றுச்சூழல் விஷயத்தில் இந்த உண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். பழைய வடஆற்காட்டுப் பகுதியில், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கிணறு எதையேனும் எட்டிப் பாருங்கள். விளிம்பில் கவலை ஏற்றத்துக்கு நாட்டிய கல்லும், மாடுகள் இறங்கி ஏறிய சரிவான தடமும் இருக்கும். சற்றுக் கீழே, நீர்மட்டம் இறங்க இறங்க எஞ்சினை இறக்கி வைப்பதற்காகச் சுவரில் வெட்டிய மேடை இருக்கும். இன்னும் ஆழத்தில், பக்கவாட்டில் ஊற்றுத் தேடித் துளைத்த ‘சைடு போர்’ துவாரங்கள் தெரியும். அடித்தளம் வறண்டு கிடக்க, அதை ஊடுருவிச் சென்ற ஆழ்குழாயில் நீர்மூழ்கி மோட்டார் தொங்கும். எண்ணெய் எஞ்சினுக்குக் கிடைத்த கடன், கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசென்ற திட்டம், 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் அளிக்கப்பட்ட இலவச மின்சாரம், அதிக நீர் கேட்கும் பயிருக்குக் கிடைத்த நல்ல விலை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி இலாகாவில், தனித்தனி நியாயத்தோடு எடுத்த முடிவு. அத்தனை முடிவுகளும் வந்து சந்தித்த இடம் இந்த ஒரு கிணறு.

அதே காலத்தில் ஏரிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கதை முழுமை பெறும். தூசி கிராமம் மாமண்டூர் ஏரிப் பாசனத்தைச் சார்ந்தது. பல்லவர் காலத்துக் குடைவரைகள் அருகிலிருக்க, இன்றும் நிற்கும் ஏரி அது. ஏரி என்பது மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் ஆகியவை மட்டுமன்று. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியும், தூர்வார ஒன்றுகூடும் குடிமராமத்தும் சேர்ந்ததே ஏரி. வசதியுள்ளவன் தனக்கெனக் கிணறும் மோட்டாரும் அமைத்துக்கொண்ட பிறகு, பொதுக் கால்வாயின் மண்ணை வாருவதில் அவனுக்கு முன்போல் சிரத்தை இருப்பதில்லை. அவன் விலகியதும், கிணறில்லாத ஏழை ஒருவனால் ஏரியைக் காக்க முடிவதில்லை. ஆதலால் நிலத்தடி நீரின் பிரச்னை, ஏரியின் பிரச்னை, கிராமத்துச் சமத்துவத்தின் பிரச்னை ஆகிய மூன்றும் ஒன்றே. 2017-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462, ஊறும் அளவுக்கு மேல் நீரை இறைத்தவை. இந்த எண் நோயின் பரப்பைக் காட்டுகிறது. நோய் எப்படி வந்தது என்பதைக் கிணறுதான் காட்டுகிறது. அதே 2017-இல் குடிமராமத்து என்ற பெயரில் அரசு ஏரிகளைத் தூர்வாரப் புறப்பட்டபோது, ஏரியை ஜனங்கள் ஏன் கைவிட்டார்கள் என்ற கேள்வியை முதலில் தீர்க்காமல் மண்ணை மட்டும் அள்ளுவதால் ஏரி எத்தனை காலம் நிலைக்கும் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆராய்ச்சியை முன்கூட்டியே நடத்த வேண்டும் என்று சட்டமே சொல்லியும், அதை நாம் விலக்கிவைத்த உதாரணமும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலம் எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்த வேண்டும், ஊராட்சியைக் கலந்தாலோசிக்க வேண்டும், பொது விசாரணை கூட்ட வேண்டும், அறிக்கையை உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும் என விதித்தது. தமிழ்நாடு அதற்குத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்து, தொழில், நெடுஞ்சாலை உள்ளிட்ட மூன்று நோக்கங்களுக்கான மாநிலச் சட்டங்களின்படி நிலம் எடுக்கும்போது இந்த மதிப்பீடு தேவையில்லாதபடி செய்துகொண்டது. 2019-இல் உயர்நீதிமன்றம் அச்சட்டங்கள் செல்லாவென்று தீர்ப்பளிக்க, அதே ஆண்டில் சட்டமன்றம் அவற்றுக்குப் புத்துயிர் தந்தது. 2021-இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகவே சட்டப்படி குற்றமில்லை. ஆனால் சட்டப்படி சரியானதெல்லாம் விவேகமும் ஆகிவிடாது. 2023-இல் செய்யாறு வட்டத்து மேல்மா முதலிய ஊர்களில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் கேட்டபோது விவசாயிகள் எதிர்த்தனர். சிலர்மீது குண்டர் சட்டமே பாய்ந்தது. பலத்த கண்டனம் எழுந்த பின் பெரும்பாலோர்மீதான ஆணை விலக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் மாணவர்கள் வினாப்பட்டியலோடு விசாரித்த தூசி இருப்பதும் இந்த வட்டாரத்தில்தான். யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை பேர் கூலிக்குச் செல்கின்றனர், ஆலை வந்தால் எவருக்கு வேலை, எவருக்கு நஷ்டம் என்று முன்கூட்டியே கேட்டறிந்து பொதுவில் வைத்திருந்தால், எல்லோரும் இணங்கியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. போலீஸ் நிலையத்தில் நடந்த விவாதம் கிராமசபையில் நடந்திருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

கிராம ஆய்வுக்கு ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. ஐந்து கிராமங்கள் ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதி ஆகுமா என்று புள்ளிவிவர நிபுணர்கள் கேட்பது நியாயமே. பேராசிரியர் மகாலனோபிஸின் முயற்சியால் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு செய்யும் பணியைக் கிராம ஆய்வு செய்துவிட முடியாது. எத்தனை பேர் வறியவர் என்பதை அதுதான் சொல்ல வேண்டும், அவர்கள் ஏன் வறியவர் ஆயினர் என்பதை இதுதான் சொல்ல வேண்டும். மேலும், அந்தப் பெரிய கணக்குகளின் கதியும் அண்மை ஆண்டுகளில் மெச்சத்தக்கதாய் இருக்கவில்லை. 2017-18-ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்வை நடத்தி முடித்த பிறகு வெளியிடுவதில்லை என்று மத்திய அரசு தீர்மானித்தது. 2021-இல் நடைபெற வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உரிய ஆண்டில் நடைபெறவில்லை. கணக்கே கைவசம் இல்லாதபோது அனுமானமும் பிரசாரமும் கணக்கின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துகொள்கின்றன.

செய்ய வேண்டியவை அப்படியொன்றும் பிரமாதமான செலவு பிடிப்பவை அல்ல. ஸ்லேட்டரிடம் பெரிய நிதி இருந்ததில்லை. மாணவர்களும் விடுமுறையுமே அவருடைய மூலதனம். இன்று நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் ஒரு கிராமத்தில் ஒரு வாரம் முகாமிட்டு, கோயில் வளாகத்தைப் பெருக்கி, மரக்கன்று நட்டுத் திரும்புகிறது. அந்த வாரத்தின் பாதியையேனும், பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில், ஒரே ஊரின் நிலம், நீர், கூலி, கடன் ஆகியவற்றைப் பதிவு செய்வதற்கு ஒதுக்கலாம். மாவட்டத்துக்குச் சில ஊர்களைத் தேர்ந்து, பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் அதே ஊர்களுக்குச் செல்வதென்று பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளலாம். இருவேல்பட்டை ஆராய்ந்த ஜெயரஞ்சனே 2021-இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் துணைத் தலைவரானார் என்பதால், இத்தகைய ஆராய்ச்சி ஆட்சிக்கு எட்டாத வஸ்து என்று யாரும் சொல்வதற்கில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கிராமத்தைப் பற்றிய ஒவ்வோர் அறிக்கையும் தமிழில் எழுதப்பட்டு, அந்தக் கிராமத்தின் சபையில் வாசிக்கப்பட வேண்டும். தவறான கணக்கைத் திருத்தும் உரிமையும் அங்குள்ளவர்களுக்கு இருக்க வேண்டும். நிலம் எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற கடமையை, எந்த நோக்கமாயினும், மாநில அரசு தானே முன்வந்து திரும்பவும் ஏற்க வேண்டும். ஆராய்ந்த பின் எடுக்கும் முடிவும் சில வேளைகளில் பிழையாகலாம். அப்போது அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு பதிவேனும் இருக்கும். ஆராயாமல் எடுத்த முடிவில் அதுவும் இராது.